சாக்பீஸோடு நட்சத்திர ஓட்டலுக்குப் போனவன்

எங்கள் கல்யாணத்துக்கு முப்பத்தைந்து வருஷம் நிறைந்ததற்காக, சென்னையில் வேலை பார்க்கும் மகள் எங்களுக்குத் திருச்சியிலேயே ஒரு நட்சத்திர ஓட்டலில் ஒரு நாள் அறை போட்டுக் கொடுத்தாள். எங்கள் வீடு பொன்மலையில். ஓட்டலுக்கு ஆட்டோவில் போனால் கால் மணி நேரம். சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு சொந்த ஊரிலேயே வாடகைக்குப் படுக்கப் போவதை என் பரம்பரையில் யாரும் செய்ததில்லை. "நம்ம வீட்டுக் கட்டில் என்ன முள்ளா குத்துது?" என்று போனில் கேட்டேன். "அப்பா, நீங்க போனை அம்மாகிட்ட குடுங்க" என்றாள் மகள்.

என் மனைவி போனை வாங்கி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பாத்ரூம்ல தொட்டி இருக்குமாடி? படுத்துக் குளிக்கிற தொட்டி?"

இருக்கும் என்று மகள் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து நான் ரிட்டயர் ஆகும் வரை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். அவள் இருட்டோடு எழுந்து டிரம், அண்டா, குடம் எல்லாம் நிரப்புவாள். நான் குளித்து, மகள் குளித்து, என் அப்பா இருந்தவரை அவரும் குளித்து, மிச்சமிருக்கும் அரை வாளியில் கடைசியாக அவள் குளிப்பாள். காக்காய்க் குளியல். இப்போது சொந்த வீட்டில் மாடியில் டேங்க் இருக்கிறது, நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. ஆனாலும் அதே நேரத்துக்கு எழுந்து அதே அரை வாளியில்தான் குளிக்கிறாள்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொன்மலை ஒர்க்ஷாப்பில் ரயில் பெட்டிகளைச் சோதிப்பது என் வேலையாக இருந்தது. பழுது பார்த்து முடித்த பெட்டிக்குள் டார்ச்சும் சாக்பீஸுமாக ஏறுவேன். ஜன்னல் இறங்குகிறதா, கதவுத் தாழ் விழுகிறதா, பெர்த் சங்கிலி தாங்குமா என்று இழுத்து, தட்டி, ஆட்டிப் பார்ப்பேன். குறை கண்ட இடத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவேன். குறி விழுந்த பெட்டியை 'சிக்', அதாவது சீக்காளி, என்போம். சரியாகும் வரை அது ஷெட்டை விட்டு நகராது. இதில் எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. குறியைப் போட்டவன்தான் அழிக்க வேண்டும். ரிப்பேர் செய்தவன் துடைத்துவிட்டுப் போக முடியாது. போட்டவன் திரும்பி வந்து, சோதித்து, திருப்தியானால் தன் கையால் அழிப்பான்.

ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. சாக்பீஸ் மட்டும் சட்டைப் பையிலிருந்து ஓய்வு பெறவில்லை. வீட்டில் இட்லிக் குண்டானின் கைப்பிடியிலிருந்து மகளின் ரேங்க் கார்டு வரை எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. பெண் பார்க்கப் போன அன்றே, அவர்கள் வீட்டுப் பெஞ்சு ஆடுகிறது என்று குனிந்து அடியில் பார்த்தவன் நான். "அன்னிக்கே நான் காபித் தட்டோட உள்ள திரும்பிப் போயிருக்கணும்" என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

ஓட்டல் வாசலில் நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் மணிமாலை போட்டு, பச்சையாக ஏதோ குடிக்கக் கொடுத்தார்கள். வெள்ளரிக்காயைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. கோட்டுப் போட்ட மேனேஜர் கைகூப்பினார். "சார், உங்க நேர்மையான கருத்துதான் எங்களுக்கு முக்கியம். என்ன குறை இருந்தாலும் தயங்காம சொல்லுங்க."

என் வாழ்நாளில் என்னிடம் இப்படி வலிய வந்து கேட்ட முதல் ஆள் அவர்தான். வருகிறவர்கள் எல்லோரிடமும் அவர் இதைத்தான் ஒப்பிக்கிறார் என்று எனக்குத் தெரியாது. "வாங்க, சாப்பிடலாம்" என்று மரியாதைக்குச் சொன்னவர் வீட்டில் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த கதைதான்.

அறை நாலாவது மாடியில். கட்டிலில் ஆறு தலையணைகள். இரண்டு பேருக்கு ஆறு எதற்கு என்று புரியாமல் நாலைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். கக்கூஸுக்குப் பக்கத்தில் ஒரு போன். அங்கிருந்து யாரைக் கூப்பிட்டு என்ன பேசுவது? என் மனைவி இது எதையும் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய், வெள்ளை வெளேரென்று இருந்த தொட்டியின் விளிம்பை, பிறந்த குழந்தையைத் தொடுவது போலத் தடவிப் பார்த்தாள்.

"நாளைக்கு டிபன் சாப்பிட்டுட்டு பத்து மணிக்குக் குளிப்பேன்" என்றாள். "பத்து மணிக்குக் குளிச்சதே இல்லைங்க நான்."

பிறகு, கீழே ஹாலில் இருக்கும் பெரிய சோபாவில் உட்கார்ந்து தங்கைக்குப் போன் பண்ணிவிட்டு வருகிறேன் என்று போனாள். தங்கை மண்ணச்சநல்லூரில் இருக்கிறாள். அக்காவும் தங்கையும் பேச ஆரம்பித்தால் ஒரு உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம்.

நான் தனியாக இருந்தேன். சட்டைப் பையில் சாக்பீஸ் இருந்தது. நேர்மையான கருத்தை வேறு கேட்டிருக்கிறார்கள்.

அலமாரிக் கதவு பாதியில் நின்றது: ஒரு குறி. கட்டிலருகே இருந்த சின்ன மேசைக்கு ஒரு கால் குட்டை: ஒரு குறி. ஏ.சி.யிலிருந்து சுவரில் ஈரம் இறங்கியிருந்தது. பெட்டகத்தின் தாழ்ப்பாளைச் சும்மா தட்டினாலே திறந்துகொண்டது. குளியலறைக் கதவின் கீல் அழுதது. கடைசியாகத் தொட்டிக்கு வந்தேன். அடைப்பானை அழுத்தி, ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, ஓட்டல்காரன் கொடுத்த பல்துலக்கும் பிரஷை நட்டுவைத்துப் பிடித்து மட்டம் பார்த்தேன். கால் மணி நேரத்தில் இரண்டு விரற்கடை தண்ணீர் இறங்கிவிட்டது. அடைப்பானின் ரப்பர் போயிருந்தது. தொட்டியின் வெளிப்பக்கம், நன்றாகத் தெரிகிற இடத்தில், பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். மொத்தம் பதினாலு. உண்மையைச் சொல்கிறேன், ரிட்டயர் ஆன பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு மணி நேரத்தைக் கழித்ததில்லை.

அப்போது துண்டு மாற்ற ஒரு அம்மா வந்தார். கதவில், சுவரில், அலமாரியில், மேசையில் எல்லாம் வெள்ளைக் குறிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துண்டுகளைக் கட்டிலில் போட்டுவிட்டு வேகமாக வெளியே போனார். "சார், அந்த ரூம்ல ஒருத்தரு என்னமோ மந்திரிச்சுப் போட்டுட்டு இருக்காரு" என்று அவர் யாரிடமோ சொன்னது நடைபாதையிலிருந்து கேட்டது.

ஐந்து நிமிஷத்தில் மேனேஜர் வந்தார். நான் அவரை ஒவ்வொரு குறியாக அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, நிறம் மட்டும் மாறிக்கொண்டு வந்தது. கடைசியில், "ரொம்ப நன்றி சார். உங்களுக்கு இதைவிடப் பெரிய ரூம் தரோம். ஏழாவது மாடி. எக்ஸ்ட்ரா எதுவும் தர வேண்டாம்" என்றார். கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டு பேர் எங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன்.

என் மனைவி அங்கே வந்து சேர்ந்தபோது மேனேஜர் திரைச்சீலையை விலக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "பாருங்க மேடம். இந்தப் பக்கம் மலைக்கோட்டை, அந்தப் பக்கம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. குளியலறைக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டும், தலைக்கு மேல் பூவாளி மாதிரி ஒரு குழாயும் இருந்தன.

"ராஜகோபுரத்தை நான் ஒண்ணாம் நம்பர் பஸ்ல போய்ப் பாத்துக்குவேன். தொட்டி எங்க?"

"இந்த ரூம்ல ஷவர்தான் மேடம். தொட்டி இருக்கற மத்த ரூம் எல்லாம் கல்யாண பார்ட்டிக்குப் போயிடுச்சு. பழைய ரூமை மெயின்டனன்ஸுக்குப் பூட்டிட்டோம். அந்த ஸ்டாப்பர் சென்னையிலேர்ந்து வரணும், ஒரு வாரம் ஆகும். சார்தான் கண்டுபிடிச்சுச் சொன்னாரு."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "பத்து மணிக்குப் போன் பண்ணாத, தொட்டில இருப்பேன்னு இப்பதான் தங்கச்சிகிட்ட சொல்லிட்டு வந்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பதினாலு குறை கண்டுபிடித்தவனுக்கு, பெண்டாட்டி ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று என்பது கண்ணில் படவில்லையே. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தயிர்சாதத்தின் மேல் மாதுளை முத்துகளைக் கொட்டி, ஒரு பிளேட்டுக்கு எங்கள் வீட்டு ஒரு வாரத்துப் பால் செலவை விலையாகப் போட்டிருந்தார்கள். அதைப் பற்றிக்கூட நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்டோ பிடித்துப் பொன்மலைக்குப் போனேன். நான் வேலைக்குப் போய்வந்த சைக்கிள் இன்னும் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. அதன் பின்சக்கரத்து டியூபில் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டு, கத்திரிக்கோலும் குறடுமாக ஓட்டலுக்குத் திரும்பினேன். வாசலில் சல்யூட் அடிக்கிறவர் குறடைப் பார்த்துவிட்டுக் கையைப் பாதியில் இறக்கினார்.

"பழைய ரூமை மதியம் வரைக்கும் திறந்து விடுங்க" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"சார், நீங்கதானே பதினாலு பழுதுன்னீங்க?"

"அதெல்லாம் பெரிய பழுது இல்லீங்க. ஆளு குடித்தனம் பண்ணலாம்."

வேலையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்திருந்தால் நானே எனக்கு மெமோ கொடுத்திருப்பேன். மேனேஜர் என்னையும் குறடையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவி அட்டையைக் கொடுத்தார். தொல்லை விட்டால் போதும் என்று நினைத்திருப்பார்.

அறைக்குள் போனால், நான் போட்ட குறிகளை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்திருந்தார்கள். அலமாரி பாதியில்தான் நின்றது, கீல் அழுதுகொண்டுதான் இருந்தது. குறியைத் துடைத்தால் பழுது போய்விட்டதாகக் கணக்கு. எல்லா ஊர் நிர்வாகமும் ஒன்றுதான். தொட்டியின் வெளிப்பக்கத்துக் குறியை மட்டும் ஏனோ விட்டிருந்தார்கள். அடைப்பானைக் கழற்றி, சைக்கிள் ரப்பரை வட்டமாக வெட்டி அடியில் கொடுத்து, திரும்ப மாட்டினேன். தண்ணீர் விட்டு, பிரஷை நட்டு, அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். மட்டம் இம்மிகூட இறங்கவில்லை. குறியை என் கைக்குட்டையால் நானே அழித்தேன்.

ஏழாவது மாடியிலிருந்து அவளை அழைத்து வந்தேன். சரியாகப் பத்து மணிக்கு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. அவள் போன் அடித்தது. மச்சினிச்சிதான். பண்ணாதே என்று சொன்னால் அந்த வீட்டில் யார் கேட்பார்கள்?

"மாமா, அக்கா எங்க?"

"தொட்டில இருக்கா" என்றேன். அந்தப் பக்கம் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கதவருகே போய், "எப்படி இருக்கு? தண்ணி இறங்குதா?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு குறைதான்."

"என்ன?"

"வெளிய ஒரு ஆளு நின்னுகிட்டு எப்படி இருக்குன்னு கேட்டுகிட்டே இருக்காரு."

பதினொன்றரைக்கு வெளியே வந்தாள். விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கியிருந்தது. முகத்தில் அப்படியொரு தெளிவு. புறப்படும்போது என் கருநீலச் சட்டையை அவளே விரித்துப் பிடித்து, கையை நுழைக்கச் சொல்லி, பட்டனையும் போட்டுவிட்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் இது நடந்ததே இல்லை. ஒரு குளியல் மனுஷியை இப்படி மாற்றுமா என்று பூரித்துப்போனேன்.

கீழே கருத்துப் படிவம் கொடுத்தார்கள். குறைகள் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, நிறைகள் என்ற கட்டத்தில் 'தொட்டி நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கவுண்டரில் இருந்த பெண் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். நான் திரும்பி நடந்ததும் இன்னும் அதிகமாகச் சிரித்தாள். சல்யூட் அடிக்கிறவரும் சிரித்தார். நல்ல வார்த்தைக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தபடி ஆட்டோ ஏறினேன்.

பொன்மலையில் இறங்கி எங்கள் தெருவுக்குள் நடந்தபோது, என்னோடு வேலை பார்த்த ஒருவர் பின்னாலிருந்து சைக்கிளில் வந்து காலை ஊன்றினார். "என்னண்ணே, உங்களையே சிக் போட்டு அனுப்பிட்டாங்களா?"

வீட்டுக்குள் போய்ச் சட்டையைக் கழற்றிப் பார்த்தேன். முதுகில், தோளிலிருந்து இடுப்பு வரை, தெளிவாக ஒரு பெருக்கல் குறி. கோடு நேராக, அழுத்தம் சீராக. எங்கள் ஒர்க்ஷாப்பில்கூட இவ்வளவு சுத்தமாக யாரும் போட்டதில்லை.

"இது என்ன?"

"நேர்மையான கருத்து" என்றாள். "போட்டவங்கதானே அழிக்கணும்? சரியானதும் சோதிச்சுப் பாத்துட்டு நானே அழிக்கிறேன்." சாக்பீஸை அவள் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று மதியம் அவசரமாக ஒரு சாம்பார் வைத்தாள். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, உப்பே இல்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன். இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கினேன். பிறகு அவள் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்து வைத்ததும் நிறுத்தினாள். என் தட்டைப் பார்த்தாள், துடைத்து வைத்தது போலிருந்தது.

"உப்பு போட மறந்திருக்கேன். நீங்க சொல்லவே இல்ல?"

நான் தண்ணீர் குடித்தேன். அவள் எழுந்து கை கழுவி, துண்டின் நுனியை நனைத்துக்கொண்டு, கொடியில் கிடந்த சட்டையிடம் போனாள். இரண்டு கோட்டில் ஒரு கோட்டை மட்டும் அழித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். மற்றக் கோடு இன்னும் இருக்கிறது. அந்தச் சட்டையை யாரும் துவைக்கக் கூடாது.