மழைக்கோட்டும் மிளகாய்க் குச்சியும்

என் அப்பாவுக்கு மலாய் ராக் இசையில் பைத்தியம். தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்டது. முடி போய்விட்டது, வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டார். பைத்தியம் மட்டும் ஓய்வு பெறவில்லை. அவருக்குப் பிடித்த குழு பினாங்குக்கு வந்தபோதெல்லாம் அவருக்கு இரவு ஷிப்ட். பல வருடங்களுக்குப் பிறகு அவர்கள் மறுபடியும் சேர்ந்து கடலோரத் திடலில் வாசிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவர்கள் எப்போதும் கடைசியாகப் பாடும் பாட்டை மேடைக்கு நேர் எதிரில் நின்று கேட்க வேண்டும்.

"பாடுறவனுக்கும் முட்டி வலி, எனக்கும் முட்டி வலி. இதை விட்டா இனிமே எங்கமா பாக்குறது?"

நான் ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். எதெல்லாம் தவறிப்போகலாம் என்று முன்கூட்டியே யோசித்து எழுதி வைக்கத்தான் எனக்குச் சம்பளம். கச்சேரிக்கும் அப்படித்தான் எழுதினேன்: மழைக்கோட்டு இரண்டு, கைப்பேசிகளுக்குத் தண்ணீர் புகாத பை, முட்டிக் கட்டு, மாத்திரை, துண்டு, மாற்றுக் காலுறை, குடை. அப்பாவின் ஏற்பாடு, இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சி இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு மிளகாய், ஒரு சின்ன வெங்காயம். திறந்தவெளியில் விருந்து வைக்கும் எவரும் மழையை நிறுத்த இங்கே இதைத்தான் நடுவார்கள். மலாய்க்காரர், சீனர், நாம் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது.

நுழைவாயிலில் நின்ற காவலர் தமிழ்ப் பையன். என் குடையைப் பார்த்ததும் தலையை ஆட்டினான்.

"பாயோங் உள்ள கொண்டுபோக முடியாது அக்கா. பின்னாடி நிக்கிறவங்களுக்கு மறைக்கும்."

"மழை வந்தா?"

"நனைய வேண்டியதுதான் லா."

குடையை அவனிடமே விட்டேன். கூரான முனையுள்ள இரண்டு குச்சிகளோடு அப்பா எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போனார். வேலி ஓரத்தில் ஏற்கெனவே நாலைந்து மிளகாய்க் குச்சிகள் நின்றன. தன்னுடையதையும் நட்டுவிட்டு, வேலை முடிந்ததுபோல் கையைத் தட்டிக்கொண்டார்.

உள்ளூர்க் குழு ஒன்று இரண்டாவது பாட்டைத் தொடங்கியபோது கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் வானம் கறுத்தது. கைப்பேசியில் வானிலை ரேடாரைப் பார்த்தேன். தீவின் மேல் ஒரு புள்ளிகூட இல்லை. தலையை நிமிர்த்துவதற்குள் கொட்டியது. நான் மழைக்கோட்டை நீட்டினேன், அப்பா வாங்கவில்லை. போட்டால் பழைய ஜீன்ஸ் ஜாக்கெட் மறைந்துவிடுமாம். அந்த ஜாக்கெட்டின் பொத்தான்களைக் கடைசியாக எப்போது பூட்ட முடிந்தது என்று அம்மாவுக்கே ஞாபகமில்லை.

"உங்க மிளகாய் என்னாச்சுப்பா?"

"மிளகாய் அது வேலையைச் செஞ்சிச்சு. நீதான் ரெயின்கோட்டு, துண்டுன்னு மூட்டை கட்டிக்கிட்டு வந்து மழையைக் கூப்பிட்ட."

இடி இடித்ததால் கச்சேரியை நிறுத்தினார்கள். கூடாரத்துக்கு ஓடினோம். மழை நின்றது, வெயில்கூட வந்தது. மழைக்கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தேன். மறுபடி கொட்டியது. எடுத்துப் போட்டேன். நின்றது. மூன்றாவது தடவை மடிக்கும்போது அதே தீவில் கெலுகோரிலுள்ள வீட்டிலிருந்து அம்மா அழைத்தாள்.

"மழையா? இங்க ஒரு சொட்டு இல்லையே. துணியெல்லாம் காஞ்சிருச்சு."

"பாத்தியா, அங்க யாரும் ரெயின்கோட்டு கொண்டு வரல" என்றார் அப்பா.

நான் மழைக்கோட்டை மடிப்பதிலேயே கவனமாக இருந்தேன். பதில் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தியிருக்க மாட்டேன்.

மழைக்குப் பயந்து பாதிக் கூட்டம் வீட்டுக்குப் போயிருந்தது. அதனால் எங்களுக்கு மேடையின் எதிரே தடுப்புக் கம்பியை ஒட்டியே இடம் கிடைத்தது. அடுத்தது அவர்கள்தான். அப்பா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"கழிவறைக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"கூடாரத்துல அந்தத் தே ஓவைக் குடிக்க வேணாம்னு சொன்னேன்ல? பால் இல்லாட்டியும் அதுவும் டீதானேப்பா."

"கடைசிப் பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும்மா. இடத்தைப் பாத்துக்க."

கழிவறைகள் திடலின் மறுகோடியில் இருந்தன. முட்டியைப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து போனார். அவர் தலை கூட்டத்தில் மறைந்த சிறிது நேரத்தில் குழு மேடைக்கு வந்தது. பாடகர் வானத்தைப் பார்த்தார். அடுத்த மழை வருகிறது, எப்போது நிறுத்தச் சொல்வார்களோ தெரியாது, ஆகவே கடைசிப் பாட்டை முதலில் பாடிவிடுகிறோம் என்று மலாயில் சொன்னார்.

திடல் முழுவதும் கத்தியது. நான் அப்பாவை அழைத்தேன். என் தோள்பைக்குள், தண்ணீர் புகாத பையில், அவருடைய கைப்பேசி அழகாக ஒலித்தது. அதை அங்கே வைத்தவள் நான்.

ஓடிப்போய்க் கூட்டி வரலாம்; வருவதற்குள் இடமும் போகும், பாட்டும் முடியும். ஓர் ஆள் நிற்கும் அளவு இடத்தை இரண்டு முழங்கையாலும் காத்துக்கொண்டு, மேடைக்கு முதுகைக் காட்டி, பின்னால் எட்டி எட்டிப் பார்த்தபடி நின்றேன். ஒரு மாதமாக அவர் சொல்லிக்கொண்டிருந்த பாட்டு என் முதுகுக்குப் பின்னால் நடந்து முடிந்தது.

அடுத்த பாட்டின் நடுவில் அப்பா வந்து சேர்ந்தார். முழங்கால்வரை சேறு. தொண்டை கட்டியிருந்தது.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேனாவா? வரிசையில நின்ன எல்லாரும் தோள்ல கையப் போட்டுக்கிட்டுப் பாடுனோம். உள்ள இருந்தவன்கூட கதவைத் தட்டித் தாளம் போட்டான்."

"முன்னாடி நின்னு கேக்கணும்னு சொன்னீங்க."

"பின்னாடிதான் ஸ்பீக்கர் நல்லா இருந்துச்சு. நீ இங்கருந்து நல்லா பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

மழை மறுபடி பிடித்தது. அப்பா ஜாக்கெட்டைக் கழற்றி, சுருட்டி, என் பைக்குள் திணித்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்த ரெயின்கோட்டைக் குடு. பாட்டுதான் முடிஞ்சிருச்சே, எதுக்கு நனையணும்?"