அபயாம்பாள் மாமி விசாரிக்கிறார்

மாடியில் டாக்டர் இருந்தால் அபயாம்பாள் மாமி முதலில் கீழே இருக்கும் மருந்துக் கடைக்குத்தான் போவார். தொண்டைக்கு இதமான மிட்டாய் ஒரு பட்டை கேட்பார். கைப்பையில் எதையோ தேடுவதுபோல் நேரம் எடுத்துக்கொண்டு, கடைக்காரரிடம் பேச்சுக் கொடுப்பார்.

"ஏன் பையா, ஊபர்வாலா டாக்டர் கைசா ஹை? சீட்டு நீளமா எழுதறாரா, சின்னதா எழுதறாரா?"

கடைக்காரர் குஜராத்தி. மாமியின் இந்தியில் சரிபாதி தமிழ். இருந்தும், மாடி டாக்டர் எப்படி என்ற கேள்வி அவருக்குப் புரிந்துவிடும். மருந்துச் சீட்டின் நீளத்தைக் காட்ட அவர் இரண்டு கைகளையும் அகல விரித்தால், மாமி மிட்டாயோடு திரும்பிவிடுவார். படி ஏற மாட்டார். கடைக்காரரிடம் டாக்டர் தேறிவிட்டால் அடுத்தது வாட்ச்மேன். அதற்கடுத்தது வரவேற்பு மேஜைப் பெண். பிறகு, உள்ளே போய்விட்டு வெளியே வரும் நோயாளிகளின் முகம். டாக்டரைப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

"டாக்டரைக் கேட்டா, நான் நல்ல டாக்டர்னுதானே சொல்லுவார்? மாப்பிள்ளையைக் கேட்டா, நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லைன்னுதான் சொல்லுவான். பக்கத்தாத்துல கேக்கணும்."

மாப்பிள்ளை உதாரணம் தற்செயலாக வந்ததல்ல. பம்பாயின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்ட பல தம்பதிகளைச் சேர்த்துவைத்தவர் மாமிதான். அதற்கு அவர் பணம் வாங்கியதில்லை. முகூர்த்தப் பந்தியில் முதல் வரிசை இலை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்வார். இப்போது பிள்ளைகள் தங்கள் ஜோடியைப் போனில் தாங்களே தேடிக்கொள்கிறார்கள். பெற்றவர்களுக்கோ முட்டி தேய்கிறது, கண்ணில் புரை விழுகிறது, இருதயம் தாளம் தப்புகிறது. "அப்போ பொண்ணுக்கு இடம் பாருங்கோன்னு வந்தவா, இப்போ முட்டிக்கு இடம் பாருங்கோன்னு வரா" என்கிறார் மாமி. ஆள் மாறவில்லை, விசாரிக்கும் முறையும் மாறவில்லை.

ஒல்லியான, உயரமான உருவம். நூல் புடவைக்குக் கீழே, ஓட்டப்பந்தயக்காரர்கள் போடும் வெள்ளை ஷூ. எந்த மாதமானாலும் கையில் குடை. நடையில் அவரை முந்த எங்கள் கட்டடத்தில் ஆள் கிடையாது. எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை என்பது ஒன்றுதான் அவரிடம் எனக்குள்ள மனத்தாங்கல். நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருப்பவன். ரயில்வேயில் பதிவேடுகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவன். மாமி சொல்லும் "தாதர் ஈஸ்ட் டாக்டர்" வெஸ்ட்டில் இருப்பார். "புதன்கிழமை வருவார்" என்றால் அவர் வருவது வியாழன். நான் திருத்தினால் கோபம் வராது. "உங்களுக்கு எழுதற வியாதி. எங்கூட வாங்கோ, வியாதியாவது உபயோகப்படட்டும்" என்பார். அப்படித்தான் நானும் அவர் கூடப் போக ஆரம்பித்தேன்.

மாமியின் விதிகள் எளியவை. பெயர்ப் பலகையில் டாக்டரின் பெயரைவிடப் பின்னால் வரும் வால் நீளமாக இருக்கக் கூடாது. வாலில் எது முழுப் படிப்பு, எது ஏதோ ஊரில் வாரக் கடைசியில் வாங்கிவந்த சான்றிதழ் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மாநில மருத்துவக் கவுன்சில் கொடுத்த பதிவு எண் சுவரில் மாட்டியிருக்க வேண்டும்; அந்த எண்ணைக் கவுன்சிலின் பட்டியலில் போனிலேயே பார்த்துவிடலாம். எண் மாட்டியிருக்கவில்லை என்றால் கேட்பார். வரவேற்புப் பெண் முகம் சுளித்தால், "டாக்ஸிக்கு நம்பர் இருக்கு, கேஸ் சிலிண்டருக்கு நம்பர் இருக்கு, டாக்டருக்கு மட்டும் என்னம்மா வெக்கம்?" என்பார்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் இன்னும் கெட்டி. "இன்ஷூரன்ஸ் எடுத்துப்பேளா?" என்று மாமி எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்டதில்லை. அப்படிக் கேட்டால் எல்லாரும் "ஹான் ஹான்" என்றுதான் தலையாட்டுவார்கள். "எங்க பாலிசில கடைசியா எப்போ இங்கே க்ளெய்ம் பாஸ் ஆச்சு? பேர் வேண்டாம், மாசத்தைச் சொல்லு" என்பதுதான் மாமியின் கேள்வி. இதற்கு உடனே பதில் வந்தால் அந்த இடம் தேறியது. மேஜைக்குப் பின்னால் இருப்பவர் இன்னொருவரைக் கூப்பிட்டால் தேறவில்லை.

இத்தனை பேருக்கு இடம் பார்த்தவருக்குச் சொந்த வீட்டிலேயே பார்க்க வேண்டிய வேளை வந்தது. மாமியின் கணவர் வேங்கடசுப்ரமணியன் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். சாது, கொஞ்சம் குசும்பு. மழைக்காலத்தில் ஆரம்பித்த வறட்டு இருமல் அவருக்குத் தீபாவளி கழிந்தும் போகவில்லை. மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த எங்கள் குடும்ப டாக்டர் ஆதர்ஷ், "ரெண்டு பக்கமும் மூட்டமா இருக்கு, மாமி. இது என் லெவல் இல்லை. நுரையீரல் ஸ்பெஷலிஸ்ட்டைப் பாருங்கோ. தள்ளிப் போடாதேங்கோ" என்றார்.

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. அவர்கள் வீடு இரண்டாம் மாடி. முதல் மாடித் திருப்பத்தில் குடியிருப்போர் சொஸைட்டியின் அறிவிப்புப் பலகை இருக்கிறது. வேங்கடசுப்ரமணியன் அங்கே நின்று, தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்பை வெகுநேரம் படிப்பார். மூச்சு வாங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. மாமி அவரை அவசரப்படுத்த மாட்டார். அவரும் பக்கத்தில் நின்று அதே அறிவிப்பைப் படிப்பார்.

தேடல் தொடங்கியது. தாதரில் ஒருவர்: பலகையில் வால் இரண்டு வரிக்கு ஓடியது; விசாரித்ததில் நுரையீரலுக்கென்று படித்த படிப்பு அதில் எதுவும் இல்லை. சரி, வேண்டாம். காட்கோபரில் ஒருவர்: படிப்பு அசல், பதிவு அசல், மருந்துக் கடைக்காரரே கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் இன்ஷூரன்ஸ் மேஜைப் பையன் கடைசியில், "ஆண்டி, ஹாஸ்பிடல் கேஷ்லெஸ் ஹை, டாக்டர் கேஷ்லெஸ் நஹி" என்றான். ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் இருக்கும், அதன் பில்லைக் கம்பெனி கட்டிவிடும். வெளியிலிருந்து வந்து பார்க்கும் டாக்டர் தன் பில்லைத் தனியே தருவார், அதை நாம்தான் கட்ட வேண்டும். இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம் என்று மாமி சொன்னது நியாயம்தான்.

சயானில் ஒருவர் கிடைத்தார். படிப்பு, பதிவு, பாலிசி எல்லாம் பொருந்தியது. மாமி காத்திருக்கும் அறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். "கூட்டமே இல்லையே, ஏன் இல்லை?" அடுத்த வாரம் இன்னொருவர், அவரும் எல்லாவற்றிலும் சுத்தம். "இவ்வளவு கூட்டத்துல அவரே எப்போ மூச்சு விடுவார்?" என்று அதுவும் தள்ளிப்போயிற்று. இன்னொருவருக்கு வயது போதாது. இன்னொருவர் ஓய்வு பெறும் வயது.

ஒரு மாலை, அறிவிப்புப் பலகை அருகே மூவரும் நின்றோம். வேங்கடசுப்ரமணியன் இருமி முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இவ எனக்கு டாக்டர் பார்க்கலை சார். மூத்த பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கற அப்பா மாதிரி பார்க்கறா. எவன் வந்தாலும் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை."

"நீங்க பேசாம இருங்கோ. பேசினா இருமல் வரும்" என்றார் மாமி.

அவர் மெதுவாகப் படியேறிப் போனதும் நான் கேட்டுவிட்டேன். அந்தச் சயான் டாக்டரிடம் குறை ஒன்றும் இல்லையே, மாமி? நான் எழுதி வைத்திருக்கும் உங்கள் விதிகளில் எதிலும் அவர் தவறவில்லையே?

மாமி குடையின் நுனியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். "குறை இல்லை. அதான் பயமாயிருக்கு. டாக்டர் கிடைக்கற வரைக்கும் தேடிண்டிருக்கேன்னு இருக்கலாம். கிடைச்சுட்டா, என்னன்னு சொல்லிடுவாரோல்லியோ?"

அன்று இரவே போனை எடுத்தேன். டாக்டர் ஆதர்ஷிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மாமியைக் கேட்கவில்லை. செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்து மறுநாள் காலைக்கு நேரம் வாங்கிவிட்டார்.

டாக்ஸியில் மாமியின் உதடுகள் சத்தமில்லாமல் எதையோ மனப்பாடம் செய்துகொண்டு வந்தன. இறங்கும்போது மட்டும், "விசாரிக்காம ஒரு இடத்துக்குப் போறது இதான் முதல் தடவை" என்றார். பழக்கம் விடுமா? ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக் கடை இருக்கிறதா என்று பார்த்தார், இன்னும் திறக்கவில்லை. சுவரில் டாக்டர் அஸ்ரின் என்ற பெயரும், நுரையீரல் மருத்துவத்தில் எம்.டி. என்ற ஒற்றை வாலும், பதிவு எண்ணும் இருந்தன. எண்ணைப் போனில் சரிபார்த்தார்; பெயர் வந்தது. இன்ஷூரன்ஸ் மேஜைப் பெண்ணிடம் மாதத்தைக் கேட்டார். "போன மாசம். உங்க கார்டைக் குடுங்க, உங்களுக்கும் இப்பவே கேட்டுச் சொல்லிடறேன்" என்று அவள் அங்கேயே காப்பீட்டாரைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியும் பட்டியலில் உண்டு, டாக்டரும் உண்டு. மாமிக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

டாக்டர் அஸ்ரின் ஒரு பெண்; வயது நாற்பதுக்குள் இருக்கும். தாராவியில் பிறந்து வளர்ந்தவர், பேச்சில் திருநெல்வேலி. எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். மாமி கேள்வியை ஆரம்பிக்க வாயைத் திறந்தார். டாக்டர் முந்திக்கொண்டார்.

"ஐயா என்ன வேலை பாத்தீங்க? தூசி உண்டா அங்க?"

"பேங்க். பழைய ஃபைல் தூசிதான்."

"தலகாணி பஞ்சா, இறகா? சுவத்துல ஓதம் உண்டா? ஏசி போட்டிருக்கா? எத்தனாவது மாடி? பக்கத்துல கட்டட வேலை ஏதும் நடக்கா?"

மாமி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முதலில் விறைப்பாக, போகப் போக, எதிராளி தேர்ந்த ஆட்டக்காரர் என்று தெரிந்துகொண்டவரின் மரியாதையோடு.

"சன்னலுக்கு வெளிய புறா வருதாம்மா?"

"இந்த ஊர்ல யாராத்துல வரலை?"

"சும்மா வருதா, ஏதும் வைக்கீங்களா?"

"நான் காக்காய்க்குச் சாதம் வெக்கறேன். தினமும். சமைச்சதும் முதல் பிடி."

"காக்கா வருதா?"

மாமி யோசித்தார். "முன்னெல்லாம் வரும்."

"இப்ப?"

வேங்கடசுப்ரமணியன் மெல்லச் செருமினார். "காக்காய் வந்து வருஷக்கணக்கு ஆச்சு டாக்டர். இவ வெக்கறது பூரா புறாவுக்குத்தான் போறது. பித்ருக்கள் பம்பாய்ல அந்த ரூபத்துல வராளோ என்னமோன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எச்சத்த யாரு சுத்தம் பண்றது?" என்றார்.

"நான்தான். கார்த்தால பிரஷ்ஷால சுரண்டிடுவேன்."

"காஞ்சு போனதயா?"

"ஆமா."

டாக்டர் ஒரு நிமிடம் எக்ஸ்ரேயைத் திரும்பிப் பார்த்தார். மாமியின் குரல் இறங்கிவிட்டது. "அப்போ, நான் வெச்ச சாதமா?"

"அப்படி நான் சொல்லலம்மா. காஞ்ச எச்சத்தோட தூசி மூச்சுல போனா சிலருக்கு ஒத்துக்காம நுரையீரல்ல இப்படி மூட்டம் போடும். ஊதுற டெஸ்ட், சி.டி., ரத்தம், எல்லாம் பாக்காம முடிவு கட்டப்படாது. ஆனா புறாதான்னு வந்துச்சுன்னா, நான் பயந்த மத்த விசயத்துக்கெல்லாம் அது தேவலம்மா. சோத்த நிறுத்தி, சன்னலுக்கு வலை கட்டி, மருந்தும் எடுத்தா ஐயா நல்லா வருவாங்க. ரொம்பத் தள்ளிப் போட்டுட்டு வர்றவங்களத்தான் எங்களால பிடிச்சு நிறுத்த முடியல."

மாமி தலை குனிந்திருந்தார். நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வேங்கடசுப்ரமணியன் மனைவியின் முழங்கையைத் தட்டினார்.

"கேளேன், உன் கேள்வியெல்லாம். டாக்ஸியில மனப்பாடம் பண்ணிண்டே வந்தியே."

"என்னத்தைக் கேக்கறது? எல்லாத்தையும் இந்தப் பொண்ணே கேட்டுட்டாளே" என்றார் மாமி. பிறகு டாக்டரை நிமிர்ந்து பார்த்து, "நீ பக்கத்தாத்துல விசாரிக்கறவ" என்றார். அதன் அர்த்தம் டாக்டருக்கு விளங்கியிருக்காது. எனக்குத் தெரியும்; மாமியிடம் அதைவிடப் பெரிய சர்டிபிகேட் கிடையாது.

ஊதும் பரிசோதனை பக்கத்து அறையில் நடந்தது. வேங்கடசுப்ரமணியனை நிமிர்ந்து உட்காரவைத்து, மூக்கில் ஒரு கிளிப் மாட்டினார்கள். "வேட்டி காயப்போடற மாதிரி இருக்கேனா?" என்று மூக்கால் கேட்டார். பரிசோதிக்கும் பெண் சாதனா மராத்திக்காரி. குழாயை அவர் வாயில் வைத்துவிட்டு, மூச்சை முழுக்க உள்ளே இழு, விடாமல் ஊது என்று விளையாட்டு மைதானத்தில் நிற்பவள்போல் இந்தியில் கத்தினாள். "கீச்சோ, கீச்சோ, பூரா சாஸ் அந்தர்! அப் ஃபூங்கோ, ஃபூங்கோ, ஃபூங்கோ! சோடோ மத், அங்கிள்!"

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். திரையில் கோடு எழும்பியது. சாதனாவும் நானும் அதைப் பார்த்தோம். மாமி திரைப் பக்கம் திரும்பவில்லை. கணவருக்கு நேர் எதிரே, காலி நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, கழுத்து நரம்பு தெரிய, அவரும் ஊதிக்கொண்டிருந்தார். வேங்கடசுப்ரமணியன் முடித்துக் குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மாமி இன்னும் ஊதிக்கொண்டிருந்தார்.