ஏலிக்குட்டியின் நம்பர்

ஏலிக்குட்டி முதன்முதலாக வர்க்கிச்சனின் கடைக்குப் போனது வேலை கேட்டு அல்ல, பெட்டி வாங்க. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் லோனப்பன் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. சவப்பெட்டிக்கு அளவு சொல்லப் போன இடத்தில் கடை போன் அடித்துக்கொண்டே இருந்தது. வர்க்கிச்சன் கையெல்லாம் வார்னிஷோடு எடுக்க முடியாமல் திண்டாடினார். அவளே போய் எடுத்து, அந்தப் பக்கம் அழுதவருக்கு இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லி, வீட்டு அடையாளமும் கேட்டு வைத்தாள். தன் வீட்டில் சாவு விழுந்த அன்றைக்கு! நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனை முடிந்ததும் வர்க்கிச்சன் ஆள் அனுப்பினார். சவப்பெட்டிக் கடைக்கு இதைவிடப் பெரிய தகுதி எது வேண்டும், சொல்லுங்கள்.

வர்க்கிச்சனைச் சிக்கனக்காரர் என்று சொன்னால் சிக்கனத்துக்கே கோபம் வரும். காஞ்சிரப்பள்ளியில் மழை பிடித்தால் கடை போன் செத்துவிடும். எங்கள் பக்கம் ஆட்கள் சாவதும் பெரும்பாலும் மழையில்தான். அந்தச் சமயம் பார்த்து ஏலிக்குட்டியின் தம்பி குவைத்திலிருந்து ஒரு நோக்கியா போன் கொண்டுவந்து கொடுத்தான். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்கு வந்த அன்றே வர்க்கிச்சனின் கண் அதில் விழுந்தது.

"உன் கையிலதான் ஒண்ணு இருக்கே. அதையே கடைக்கும் வெச்சுக்க. ரீசார்ஜ் நான் போட்டுடறேன்."

"இது என் வீட்டு போன் அச்சாயா. மோள் பள்ளிக்கூடத்துலேர்ந்து கூப்பிடுவா."

"கூப்பிடட்டுமே. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?"

அவ்வளவுதான் பேச்சு. எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அடுத்த வாரம் கடைப் பலகையில் அவள் நம்பர் ஏறிவிட்டது. பிறகு கடை ஆம்புலன்ஸின் இரண்டு பக்கமும், ஐஸ் பெட்டியின் மூடியிலும், சர்ச் காலண்டரின் அடியிலும். போன் அவளுடையது, நம்பர் ஊருடையது என்று ஆயிற்று. ரீசார்ஜ் மட்டும் எப்போதும் நாலு தடவை ஞாபகப்படுத்திய பிறகுதான் வரும்.

ஆனாலும் அது ஒரு காலம். இப்போது எல்லாம் மெசேஜில் முடிந்துவிடுகிறது. அப்போது மனுஷர் மனுஷரோடு பேசினார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் வெளிநாட்டில் இருப்பவர்கள். இங்கே கட்டிலில் அப்பன் கண்ணை மூடினால் பக்கத்து வீட்டுக்காரன் முதலில் கூப்பிடுவது மெல்பர்னில் இருக்கும் மகனைத்தான். அவன் அங்கிருந்து ஏலிக்குட்டியைக் கூப்பிட்டுப் பெட்டி சொல்வான், ஐஸ் பெட்டி சொல்வான், "நான் வர்ற வரைக்கும் மூடிடாதீங்க ஆன்ட்டி" என்பான். அதற்கப்புறம்தான் சர்ச் மணி அடித்து உள்ளூருக்கே தெரியும். அப்பன் செத்த செய்தி ஆயிரக்கணக்கான மைல் போய்த் திரும்பி அடுத்த தெருவுக்கு வரும்.

பெட்டி சொல்லி முடித்த பிறகும் அவர்கள் போனை வைக்க மாட்டார்கள். தெரியாத தேசத்தில் ஒற்றை அறையில் உட்கார்ந்து அழ அவர்களுக்கு வேறு யார் இருந்தார்கள்? ஏலிக்குட்டி மீன் கழுவிக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அடக்கம் முடிந்து வெளிநாடு திரும்பிய பிறகும் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடுவார்கள். பிள்ளை பிறந்தால் கூப்பிடுவார்கள். மரச்சீனிக் கிழங்கை எத்தனை தண்ணீரில் வேகவைப்பது என்று கேட்கக்கூட டொரொண்டோவிலிருந்து ஒருத்தி கூப்பிட்டதுண்டு. அதெல்லாம் ஏலிக்குட்டிக்குப் பிடித்துத்தான் இருந்தது. சலித்துக்கொள்வாள், ஆனால் பிடித்திருந்தது.

உள்ளூர் விஷயம் வேறு. அவள் நம்பர் அடித்தால் ஒருத்தனும் எடுக்க மாட்டான். யாருடைய போனிலும் அவள் பெயர் வெறும் ஏலிக்குட்டி இல்லை, சவப்பெட்டிக்கடை ஏலி. தையல்காரர் அவுசேப்பிடம் ஜாக்கெட் ஆயிற்றா என்று கேட்கக் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்துவிடும். நேரில் போனால் அவர் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொள்வார்.

"என்ன அவுசேப்பச்சா, எடுத்தா பேய் பிடிச்சுக்குமா?"

"எனக்குப் பிரஷர் இருக்கு ஏலி. உன் பேரைப் பார்த்தாலே யாரு போனதுன்னு நெஞ்சு அடைக்குது. ஜாக்கெட் ரெடியானா நானே வீட்டுல கொண்டாந்து போடறேன். நீ மட்டும் கூப்பிடாத."

இதைக் கேட்டு அவள் சிரிப்பாள். அவள் மகள் ஜின்சி சிரிக்க மாட்டாள். சாப்பிடும்போதும் ஜெபம் சொல்லும்போதும் அந்த போன் அடித்து, அம்மா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். நர்ஸிங் படிக்கப் போகும்போதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லிவிட்டுத்தான் போனாள்: "எனக்குன்னு ஒரு தடவையாவது அந்த போன் சும்மா இருந்திருக்கா? ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் நீ அம்மா. எனக்கு எப்ப?"

ஏலிக்குட்டிக்கு அது தைத்தது. அதனால்தான் கல்யாணப் பேச்சு வந்தபோது அவள் அப்படி ஒரே முடிவாக நின்றாள்.

தொடுபுழையில் ஒரு நல்ல குடும்பம். பையன் அயர்லாந்தில் நர்ஸ். எல்லாம் ஒத்துப்போய், மனசம்மதத்துக்கு, அதாவது சர்ச்சில் நடக்கும் நிச்சயத்துக்கு, நாள் கேட்க ஏலிக்குட்டி அந்த வீட்டுக்குப் போன் செய்தாள். யார் கூப்பிட்டாலும் பேரைக் காட்டிக்கொடுக்கும் ஒரு ஆப் அப்போது புதிதாக வந்திருந்தது, அது நாசமாய்ப் போக. போனை எடுத்தது பையனின் தாத்தா. முந்தின நாள்தான் இதயத்துக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர். திரையில் "காஞ்சிரப்பள்ளி சவப்பெட்டி" என்று தெரிந்ததும் பெரியவர், "இவ்வளவு சீக்கிரம் சொல்லி வெச்சுட்டீங்களாடா?" என்று கேட்டுவிட்டுச் சாய்ந்துவிட்டார். மறுபடியும் ஆஸ்பத்திரி. கடைசியில் வாயுக்கோளாறு என்றார்கள். ஆனால் பையனின் தாய் மேரிக்குஞ்ஞு கறாராகச் சொல்லிவிட்டாள்.

"பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு. உங்க வேலையும் வேண்டாம்னு சொல்லல. ஆனா அந்த நம்பர்ல இருந்து என் வீட்டுக்கு இனி போன் வரக்கூடாது."

ஏலிக்குட்டி நேராக வர்க்கிச்சனிடம் போய் நின்றாள். "அச்சாயா, என் நம்பரைப் பலகையிலேர்ந்து அழிச்சிடுங்க."

"அழிக்கலாம். ஆளுங்க மனசுலேர்ந்து அழிக்க எந்த பெயிண்டரைக் கூப்பிட? நம்பர் போனா கடை போச்சு ஏலிக்குட்டி."

"அப்ப நம்பரை நீங்களே எடுத்துக்கங்க."

வர்க்கிச்சனுக்கு வேறு வழி இல்லை. தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து முதன்முறையாகக் கடைக்கென்று ஒரு செல்போன் வாங்கினார். ஏலிக்குட்டி தன் சிம்மைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஜின்சியின் கல்யாணம் தடங்கல் இல்லாமல் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் அயர்லாந்துக்குப் போனார்கள். மகள் விமானம் ஏறும்போது கட்டிப்பிடித்து, "இப்பதான் அம்மா நீ எனக்கு முழுசா கிடைச்சே" என்றாள்.

முழுசாகக் கிடைத்து என்ன, மகள் போய்விட்டாளே. ஏலிக்குட்டி பகலில் கடைக்குப் போனாள், கடை போனை எடுத்தாள், சாயங்காலம் அதை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வீட்டில் புது நம்பர், புது போன். அது வாயே திறக்காது. ஜின்சி ஞாயிறு மாலை கூப்பிடுவாள், அவ்வளவுதான். முதல் கிறிஸ்துமஸுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளெல்லாம் பழைய நம்பரில் கூப்பிட, வர்க்கிச்சன் எடுத்து "யாரு போனது?" என்று கேட்டாராம். பாதிப் பேர் பயந்து வைத்துவிட்டார்கள். ஏலிக்குட்டி அன்று அப்பத்தையும் கறியையும் மூடி வைத்துவிட்டுப் பேசாமல் படுத்துவிட்டாள். அந்தக் குரல்களுக்கு அவள் அவ்வளவு ஏங்குவாள் என்று அவளுக்கே தெரியாது. தன் நம்பரைத் தானே கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் மகள் என்ன நினைப்பாள் என்ற பயம் வேறு.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து ஏலிக்குட்டி கொல்லையில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். போன் வீட்டுக்குள் எங்கேயோ கிடந்தது.

கடையில் வர்க்கிச்சன் தனியாக இருந்தார். கடை போன் அடித்தது. வெளிநாட்டு நம்பர். எடுத்ததும் ஒரு பெண்ணின் அழுகை.

"மோளே, அழாத. யாரு போனது? எந்த வீடு?"

"அச்சாயா... நான் ஜின்சி... இறந்துட்டாங்க... அம்மா..."

லைன் அறுந்துவிட்டது. வர்க்கிச்சன் திரும்பக் கூப்பிட்டார், கிடைக்கவில்லை. ஏலிக்குட்டியின் புது நம்பருக்கு அடித்தார், அடித்தார், யாரும் எடுக்கவில்லை. வேறு என்ன நினைப்பார்? எங்கள் ஊரில் செய்தி எப்போதும் அந்த வழியாகத்தானே வரும். அந்தக் கஞ்ச மனுஷன் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு குழந்தைபோல் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் சொந்த உபயோகத்துக்கென்று எடுத்து வைத்திருந்த தேக்குப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்.

தெருமுக்கில் டீக்கடைக்காரன் கையைக் காட்டி, "எங்க அச்சாயா?" என்றான்.

"நம்ம ஏலிக்குட்டி" என்றார். அதற்கு மேல் நிற்காமல் வண்டியை நகர்த்தினார்.

டீக்கடை ஷட்டர் பாதி இறங்கியது. அதைப் பார்த்து மருந்துக்கடை, மருந்துக்கடையைப் பார்த்து பேக்கரி. ஆட்டோக்கள் பின்னால் சேர்ந்துகொண்டன. அவுசேப்பு கழுத்தில் அளவு நாடாவோடு, காலில் செருப்பு இல்லாமல் ஓடி வந்தார்.

படலைத் திறந்துகொண்டு இத்தனை பேர் உள்ளே வரும் சத்தம் கேட்டு, பலாப்பால் பிசுபிசுத்த கையோடு எழுந்து முன்பக்கம் வந்தாள் ஏலிக்குட்டி. வாசலில் பெட்டி வண்டியைக் கண்டதும் தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"யாரு அச்சாயா? எந்த வீட்டுல?"

வர்க்கிச்சன் அவளை மேலும் கீழும் பார்த்தார். படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்தார். "நீதான்டீ" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவுசேப்பு முதலில் சிலுவை போட்டுக்கொண்டார். அப்புறம் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதுக்காடீ ஒரு ஜாக்கெட்டுக்குத் துணியை வெட்டிப் பாதியில போட்டுட்டு ஓடி வந்தேன்?" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதுகொண்டே இருந்தார்கள், நிறுத்தத் தெரியவில்லை. ஏலிக்குட்டி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் கூப்பிட்டு ஒருநாளும் எடுக்காதவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். நெஞ்சு நிறைந்துபோய், எதையாவது சொல்லவேண்டுமே என்று வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தேக்கா? உங்களுக்குன்னு வெச்சிருந்தது. எனக்கா கொண்டாந்தீங்க?"

"வாயை மூடு" என்றார் வர்க்கிச்சன். "உன் மோள்தான் கூப்பிட்டா. அழுதா. அம்மா, இறந்துட்டாங்கன்னா."

ஏலிக்குட்டியின் முகம் மாறியது. "ஜின்சியா? எதுக்கு அழுதா?"

அப்போது வர்க்கிச்சனின் சட்டைப் பையில் போன் அடித்தது. அதே வெளிநாட்டு நம்பர். அவர் எடுத்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். "உன் நம்பர். நீயே எடு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "மோளே."



"அம்மா, நீயா எடுத்தே?" ஜின்சி விம்மினாள். "என் போன் லாக்கர்ல இருக்கு. வார்டு போன்லேர்ந்து கூப்பிடறேன். உன் புது நம்பர் ஞாபகம் வரல. இது ஒண்ணுதான் கைக்கு வந்துச்சு. அம்மாவைக் கூப்பிடுங்கன்னு அச்சாயன்கிட்ட சொல்றதுக்குள்ள அறுந்துடுச்சு."

"என்ன ஆச்சு சொல்லு."

"என் வார்டுல ஒரு பாட்டி இறந்துட்டாங்க அம்மா. என் கையைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டாங்க. மகன் தூரத்துல இருக்காரு. நீதான் போன் பண்ணிச் சொல்லணும்னு வார்டு இன்சார்ஜ் என்கிட்ட சொல்லிட்டாங்க. நம்பரை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அடிக்கக் கை வரல." மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள். "சின்ன வயசுல நீ இந்த போன்ல பேசறப்பல்லாம் காதைப் பொத்திக்கிட்டேன். எப்படிச் சொல்லுவே அம்மா? முதல் வார்த்தை என்ன சொல்லுவே?"

ஏலிக்குட்டி ஆம்புலன்ஸின் பின்படியில், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரே சுற்றி நின்றது. அவுசேப்பு ஏதோ கேட்க வாயெடுத்தார். வர்க்கிச்சன் கையமர்த்தினார்.

"முதல்ல நீ அழுது முடி" என்றாள் ஏலிக்குட்டி. "நான் எங்கயும் போகல. இது என் போன்தான்."