மட்டாஞ்சேரியில் வாங்கிய புலி

இன்று கண்ணாடி மாற்றுவதற்காகப் படத்தின் பின்பலகையைக் கழற்றியபோது, பழைய தாளிலிருந்து சுக்கு வாசனை வந்தது. எழுபதுகளின் கடைசியில், மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்கை ஒட்டியிருந்த பழம்பொருள் கடையில் வாங்கிய படம். அந்தக் கடை இப்போது இல்லை. உள்ளே எப்போதும் அரையிருட்டாக இருக்கும். வெள்ளைக்காரர்களின் விலங்கியல் புத்தகங்களிலிருந்து பிரித்தெடுத்த செதுக்கோவியங்கள், காண்டாமிருகமும் கரடியும் ஓநாயும், மயிரிழைக் கோடுகளால் ஆன உடம்புகளோடு கொடியில் தொங்கியபடி, எந்தப் பக்கம் நகர்ந்தாலும் எங்களையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து குடிவந்து சில மாதங்களே ஆகியிருந்த அம்மா, முன்னறைச் சுவருக்குப் புலிப் படம் கேட்டாள். கடைக்காரர் உள்ளே போய் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தார். வீட்டில் பிரித்தால் உடம்பெல்லாம் புள்ளி. உடனே திரும்பிப் போனோம்.

"சேட்டா, நான் கேட்டது புலி. சிறுத்தையத் தலையில கட்டிட்டீயளே."

"இது புலி தன்னே, சேச்சி. வரி உள்ளது கடுவா."

"பேர மாத்திட்டா வரி வந்துருமா?"

வரிப்புலி அவரிடம் இல்லாததால் சிறுத்தையே சுவரேறியது. அன்றுமுதல் அம்மா அந்த ஊரில் எதையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கியதில்லை. நானும் அவளோடு சேர்ந்து எல்லாரையும் சந்தேகப்பட்டேன். மறுவருடம் பள்ளியின் மலையாளப் பாடப்புத்தகத்தில், 'புலி' என்ற சொல்லுக்கு மேலே புள்ளி விலங்கைக் கண்டதும், ஓடிவந்து அவளிடம் காட்டினேன். புத்தகத்தையும் சுவரையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

"புஸ்தகம் அச்சடிக்கிறதும் இவங்க ஆளுகதான," என்றாள்.