ஆல்சீடின் மூச்சு

அரை பிளேடால் நூமாவின் கைகள் இசைக்குறிப்புத் தாளைச் சுரண்டிக்கொண்டிருந்தன. மை மட்டும் வர வேண்டும், தாள் கிழியக் கூடாது. சுரண்டியது ஒரு பெயரை: ஆல்சீட்.

அவர் தாளின் தலையில் கருவியின் பெயரை எழுதுவதில்லை. வாசிக்கப்போகும் ஆளின் பெயரைத்தான் எழுதுவார். எண்பத்தொரு வயதில் அவர் போடும் ஜாஸ் ஆல்பத்துக்குப் பதினாறு பித்தளைக் கருவிகள். பதினைந்து தாள்களும் சரி. இரண்டாம் டிராம்போனை மட்டும் கை தன் பழக்கத்தில் ஆல்சீடுக்கு எழுதிவிட்டது. நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் ஐம்பது வருடம் பக்கத்தில் நின்று ஊதியவன். அந்த ஊர் வழக்கப்படி வாத்தியங்களை ஊதியபடியே அவனைக் கல்லறைக்குக் கொண்டுபோய் ஆறு வருடம் ஆகிறது.

அன்று காலை ஒத்திகையில், அந்த இரண்டாம் டிராம்போனை வாசிக்க வந்த டெனீஸ்தான் பாதியில் கருவியை இறக்கினாள்.

“மிஸ்டர் நூமா, இதுல மூச்சு விட எடமே இல்லையே! பன்னெண்டு தாளக் கட்டமும் ஒரே இழுப்பு. என்னைக் கொல்லணும்னே எழுதுனீங்களா?”

டியூபாக்கார எர்சல் சிரித்தார். “அது ஆல்சீட் மூச்சும்மா. அந்தாளு ஊத ஆரம்பிச்சா, கனால் தெரு தாண்டித்தான் மூச்சு வாங்குவான்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஆல்சீட் ஊதிக் கேட்டவர்கள் அந்தக் கூடத்தில் தானும் எர்சலுமாக இரண்டே பேர் என்பதை நூமா அப்போதுதான் எண்ணிப் பார்த்தார்.

நாளை ஒலிப்பதிவு. நடுவில் ஒரு மூச்சுக்குறி போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அங்கே ஓசை அறுந்தால் அந்தப் பாட்டே இல்லை.

சமையலறையில் மற்றவர்கள் ஊர் வழக்கமான திங்கட்கிழமை பீன்ஸும் சோறுமாகக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டெனீஸ் ஒரு தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“ஆறிடும், சாப்பிடுங்க. குறி போட்டாச்சா?”

“போட மாட்டேன்.”

“அப்ப யாரு வாசிக்கிறதாம், செத்தவரா?” சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நூமா பிளேடைக் கீழே வைத்தார். பல்செட் வைத்த நாளிலிருந்து, மூன்று வருடமாக, அவருடைய டிராம்போன் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. இந்த ஆல்பத்திலும் கையசைத்து நடத்துவதோடு சரி என்றுதான் இருந்தார்.

“ஏழு கட்டம் நீ ஊது. ஓசை அறுறதுக்குள்ள நான் அடியில வந்து புடிச்சுக்கறேன்.”

“அந்தப் பல்லை வெச்சுக்கிட்டா?”

“அஞ்சு கட்டத்துக்கு இது தாங்கும்.”

சுரண்டிய இடத்தில் மை ஊறிப் பரவும். நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, டெனீஸ் என்று எழுதினார். அதன் கீழே, சின்னதாக, தன் பெயரை. பிறகு தாளை அவளிடம் நீட்டினார்.

“மை காயல. ஓரத்தைப் புடி.”