இரண்டு சர்வரிலும் அழிந்த படங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு நான்தான் சர்வர் அமைத்துக் கொடுத்தேன். அங்கே பதிவுகளைக் கவனித்த அக்கா ஒல்லியானவர். விரல்களில் எப்போதும் மார்க்கர் மை. சனிக்கிழமைதோறும் எல்லாப் படங்களையும் டிஸ்க்கில் ஏற்றி, தேதி எழுதி, பீரோவில் வைப்பார்.

"இனிமே இது வேண்டாம்க்கா. சர்வர் செய்யுற ஒவ்வொரு வேலையையும் ஜர்னல்னு ஒரு குறிப்புல எழுதி வச்சிக்கிடும். பாதியில கரண்டு போனாலும் அதைப் பாத்து அதுவே சரி பண்ணிக்கிடும். இங்க என்ன செஞ்சாலும் உடனே இன்னொரு சர்வர்லயும் அப்படியே நகல் ஆயிரும்" என்றேன்.

"இங்கன தெரியாம அழிச்சிட்டா, அங்கனயும் அழிஞ்சிராதா?"

"யாருக்கா அழிக்கப்போறா?" என்று சிரித்தேன். அவர் டிஸ்க் போடுவதை நிறுத்திவிட்டார்.

நான்கு மாதம் கழித்து, சர்வரில் இடத்தைக் காலி செய்யும்போது நானே தவறான கோப்புறையை அழித்தேன். அடுத்த நொடியே இரண்டாவது சர்வரும் அதை அழித்தது. ஜர்னல் அதையும் பிழையில்லாமல் எழுதி வைத்திருந்தது. நான்கு மாதப் படங்கள் போயின.

மறுநாள் ஆழ்வார்குறிச்சிக்காரர் ஒருவர் மனைவியின் போன மாத ஸ்கேனைக் கேட்டு வந்தார். ஆபரேஷனுக்கு முன்னால், கட்டி வளர்ந்திருக்கிறதா என்று டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"அது இல்ல அண்ணாச்சி. நாந்தான் தெரியாம அழிச்சிட்டேன்" என்றார் அக்கா.

"படிச்ச பிள்ளையளா பாத்து வேலைக்கு வச்சா என்ன?" என்றார் அவர்.

அக்கா தலையை ஆட்டினார். பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றுவரை அவரிடம் கேட்கவும் இல்லை.