எல்லைக்கோட்டின் மேல் நின்ற வீடு

என் மாமா எலோஃபின் மக்கள் சென்ற ஆண்டு அச்சிட்டு வழங்கிய குடும்ப வரலாற்றில் என் தாய் டில்டாவுக்கு ஒரே ஒரு வாக்கியம் கிடைத்திருக்கிறது: 'தமையன் வீட்டில் தங்கியிருந்த தங்கை.' அது தவறு. நில அலுவலகத்தில் பதிவான வாக்குமூலத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. மற்றவை என் தாய் சொல்லக் கேட்டவை.

சுவீடனின் ஸ்மோலாந்திலிருந்து அண்ணன் தங்கை இருவரும் 1883இல் அமெரிக்காவின் டகோட்டாவுக்கு வந்து அடுத்தடுத்த நிலங்களைக் கோரினர். அரசு நிலத்தை இலவசமாகத் தந்தது. ஆனால் கோரியவர் அந்த மண்ணிலேயே ஐந்தாண்டு வசித்துப் பயிரிட வேண்டும். எந்த மண்ணில் உறங்குகிறோமோ அங்கேதான் வசிக்கிறோம் என்று எங்கள் மக்கள் பொருள் கொண்டனர். ஆகவே, வேறு சிலர் செய்தது போலவே, இவர்களும் எல்லைக்கோட்டின் மேல் ஒரே மரவீட்டைக் கட்டினர். மேற்குப் பாதியில் எலோஃபின் கட்டில், கிழக்குப் பாதியில் டில்டாவின் கட்டில், அதன் கீழே உருளைக்கிழங்கு வைக்கும் நிலவறை.

நான்காம் குளிர்காலத்தில் டில்டா மினியாபொலிஸுக்கு வீட்டு வேலைக்குப் போனார். சில மாதங்கள் வெளியே இருக்க விதி இடம் கொடுத்தது. மார்ச்சில் திரும்பியபோது வீடு அங்கில்லை. இடையில் எலோஃப் அகஸ்டாவை மணந்திருந்தார். பாதி வீட்டில் குடித்தனம் நடத்த அகஸ்டா மறுத்துவிட்டார். எனவே, தரை உறைந்திருந்தபோது வீட்டை மரச்சட்டங்களின் மேல் ஏற்றி, எருதுகளைப் பூட்டி, முழுவதையும் தம் நிலத்துக்குள் இழுத்துக்கொண்டார் எலோஃப். பழைய இடத்தில் திறந்து கிடந்தது நிலவறை மட்டுமே.

"எங்கண்ணே வீடு?"

"எங்கயும் போகல, அந்தா நிக்குது. உன் கட்டிலக்கூட அசைக்கல. வா, காபி ஆறுது."

"கட்டில் இருக்கட்டும். அது நிக்கிற மண்ணு யாருது?"

"நமக்குள்ள என்ன உன்னுது என்னுது?"

"அப்ப உன் பாதிய இந்தப் பக்கம் இழுத்திருக்கலாமே."

வாசலில் நின்ற அகஸ்டா கேட்டார்: "ஒரு ராத்திரி இங்க படுத்தா குறைஞ்சா போயிடுவ?"

"நான் குறைய மாட்டேன் அண்ணி. என் நாலு வருஷம்தான் போயிடும்."

அவர் சொன்னது சரி. அந்த வீட்டில் தங்கினால் தம் நிலத்தைக் கைவிட்டவராவார். வேறொருவர் அதைக் கோரலாம். அகஸ்டாவின் தம்பி அந்த நிலத்தைப் பற்றி ஏற்கெனவே விசாரித்திருந்தது பிறகுதான் தெரியவந்தது.

டில்டா நிலவறைக்குப் பலகையும் புல்லோடு வெட்டிய மண்கட்டியும் கொண்டு கூரை போட்டார். ஒரு கதவு வைத்து, உள்ளே சிறு இரும்பு அடுப்பை இறக்கி, அங்கேயே குடியேறினார். பக்கத்து நிலத்து நார்வேக்காரர் ஹால்வோர் அவ்வழியே போகும்போதெல்லாம் சீண்டுவார்.

"என்ன டில்டா, கிழங்கு முளைச்ச மாதிரி தலை மட்டும் தெரியுது?"

"முளைச்சாத்தான் மண்ணு எனக்கு, ஹால்வோர். பேசாம போய் உன் மாட்டப் பாரு."

அடுத்த குளிர்காலம் முழுவதும் பனி கதவை மூடியது. அவர் உள்ளிருந்தே வெட்டி வழி செய்தார். எலோஃப் பலமுறை வந்து அழைத்தார். அந்த அழைப்பில் அன்பும் இருந்தது என்றே என் தாய் கடைசிவரை சொன்னார். ஆனாலும் போகவில்லை.

1888 கோடையில் ஐந்தாண்டு நிறைந்தது. அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். ஒருவர் ஹால்வோர். மற்றபடி அருகில் இருந்தவர் எலோஃப் மட்டுமே. அவர் வர மறுக்கவில்லை. பைபிளின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தபின் அதிகாரி கேட்டார்.

"உங்க தங்கச்சி எங்க தங்கியிருந்தாங்க?"

"பள்ளத்துல. எத்தனையோ தடவ கூப்பிட்டேன், ஒரு ராத்திரிகூட எங்க வீட்டுல வந்து படுக்கல. அவ்வளவு பிடிவாதம்."

"பள்ளம் யார் நிலத்துல இருக்கு?"

எலோஃப் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். "அவ நிலத்துலதான்."

"கதவு, அடுப்பெல்லாம் இருந்துதா?"

"புகைபோக்கிகூட இருக்கு. அந்தப் புகை பூரா எங்க சன்னலுக்குத்தான் வருது."

எலோஃப் அதைக் குறையாகத்தான் சொன்னார். அதிகாரி அதையே வசித்ததற்கான சான்றாக எழுதிக்கொண்டு, கையொப்பமிடும்படி தாளை நீட்டினார். எலோஃப் கையொப்பமிட்டார்.

மறு ஆண்டு நிலப் பட்டயம் டில்டாவின் பெயரில் வந்தது. அவர் எலோஃபின் எல்லையிலிருந்து மிகத் தள்ளி, தம் நிலத்தின் கிழக்குக் கோடியில் வீடு கட்டினார். அங்கே காற்று கடுமை. கிணறும் ஆழமாக வெட்ட வேண்டியிருந்தது. மேற்கே கட்டினால் பாதிச் செலவு மிஞ்சும் என்று தச்சர் சொல்லிப் பார்த்தார். என் தாய் கேட்கவில்லை.